மூட்டு தாங்கினால் ஓடுபாதை தாங்கும்

திருச்சி விமான நிலையத்தின் ஓடுபாதை 2,480 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம். தார்க்கலவை விரிக்கும் பேவர் ஒரு நடைக்கு 3.75 மீட்டர் அகலம் விரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முழு அகலத்தையும் மூட 12 பட்டைகள் வேண்டும். 12 பட்டைகளுக்கு நடுவே 11 மூட்டுகள். ஒவ்வொரு மூட்டும் ஓடுபாதையின் நீளத்துக்கு ஓடும். கூட்டிப் பார்த்தால் 27 கிலோமீட்டருக்கு மேல். எங்கள் குடுமியான்மலையிலிருந்து புதுக்கோட்டைக்கே 20 கிலோமீட்டர்தான். இரண்டு அடுக்குப் போட்டால் மூட்டின் நீளம் 54 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வந்து சேரும் தூரம் அது.

இத்தனை நீள மூட்டை விமானத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பதில்லை. கறுப்பாக, ஒரே வழவழப்பாகத் தெரியும். நான் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தார் வேலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் கழித்தவன். பழைய தார் ஓடுபாதை ஒன்றைக் காட்டி "எங்கே கெட்டுப்போயிருக்கும்?" என்று கேட்டால், முதலில் மூட்டைத்தான் போய்ப் பார்ப்பேன். பட்டையின் நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே ஓரம் வாய் பிளந்திருக்கும். அங்கே ஜல்லி கழன்று வரும், மழைநீர் இறங்கும். ஓடுபாதையின் ஆயுளை அளக்க வேண்டுமானால் மூட்டிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தார் ஓடுபாதையின் நூறு ஆண்டு வரலாறே இந்த மூட்டோடு மனிதர்கள் நடத்திய போராட்டம்தான்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது சொந்த ஊர். குடுமியான்மலையில் இரண்டு விதக் கட்டுமானம் அருகருகே இருக்கிறது. மேலைக்கோயில் என்று நாங்கள் சொல்லும் திருமேற்றளி, குன்றைக் குடைந்து எடுத்த குகைக்கோயில். அதில் சுவர், தூண், கூரை எல்லாம் ஒரே பாறை. மூட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு பொறித்திருப்பதும் அந்தப் பாறையில்தான். அதை ஒட்டி எழுந்த சிகாநாதசுவாமி கோயிலும் அதன் ஆயிரங்கால் மண்டபமும் வெட்டிக் கொண்டுவந்த கல்லால் அடுக்கியவை. அங்கே எங்கு பார்த்தாலும் மூட்டுதான்.

மண்டபத்தின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். இரண்டு பலகைக் கற்கள் சந்திக்கும் கோடு அந்தரத்தில் நிற்காது. கீழே ஓர் உத்தரம் இருக்கும். உத்தரங்கள் சந்திக்கும் இடத்துக்குக் கீழே போதிகையும் தூணும் இருக்கும். மூட்டு பலவீனமான இடம் என்று தெரிந்த கல்தச்சர், அதற்கு அடியில் தாங்கலைக் கொடுத்தார். கூரைக்கு மேலே செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் போட்டு, நீர் அந்தக் கோட்டில் தங்காமல் ஓட வழி செய்தார். மூட்டு எங்கே வரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வது, அதற்கு அடியில் பலம் வைப்பது, மேலே நீர் நிற்காமல் பார்ப்பது: இந்த மூன்று விதியும் இன்றைய ஓடுபாதை விவரக்குறிப்பிலும் இருக்கின்றன.

ஆரம்பத்தில் ஓடுபாதைக்கு மூட்டே கிடையாது. விமானங்கள் புல்வெளியில் இறங்கின. வால்பகுதியில் சக்கரத்துக்குப் பதில் ஒரு சறுக்குக் கட்டை இருந்ததால், அது மண்ணில் உரசி வேகத்தைக் குறைக்கப் புல்தரையே வசதியாக இருந்தது. 1932-ல் டாடாவின் அஞ்சல் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னைக்கு வந்தபோது, பம்பாயில் அது இறங்கிய ஜுகு ஒரு மண்வெளிதான். 1938-ல் அந்த அஞ்சல் வழி சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீண்டது. நம் பக்கத்து வானத்தில் நேரம் தவறாமல் விமானம் பறக்கத் தொடங்கியது அப்போதுதான்.

அமெரிக்காவின் நெவார்க் விமான நிலையத்தில் 1928-லேயே தளம் போட்ட ஓடுபாதை வந்துவிட்டது. அந்தக் காலத்துத் தார் வேலை பெரும்பாலும் கைவேலை. நம் ஊர்ச் சாலைகளில் அது எனக்குத் தெரிந்த காலம்வரை நீடித்தது. என் அம்மா அன்னவாசல் பக்கத்துச் சாலை வேலையில் ஜல்லி சுமந்தவர். டிரம்மில் தார் கொதிக்கும். பெண்கள் காலில் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரும்புச் சட்டியில் ஜல்லியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பரப்பிய ஜல்லியின் மேல் தாரை ஊற்றி, அதன் மேல் சிப்ஸ் என்னும் பொடிஜல்லி தூவி, ரோலர் விடுவார்கள். அந்த முறையில் இன்று முடித்த இடத்துக்கும் நாளை தொடங்கும் இடத்துக்கும் நடுவே கூர்மையான எல்லை விழாது. ஜல்லி ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தார் இரண்டு பக்கமும் வழிந்து பிடிக்கும். சாலை மேடு பள்ளமாக இருந்தாலும் மூட்டு தனிப் பிரச்சினையாகவில்லை.

போர் எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு என்று தமிழ்நாட்டில் வரிசையாக விமானத் தளங்கள் எழுந்தன. சோழவரத்தின் ஓடுதளம் பின்னாளில் கார்ப் பந்தயத்துக்குப் பெயர் பெற்றது. எங்களுக்குப் பக்கமான செட்டிநாட்டுத் தளம் கானாடுகாத்தானை ஒட்டி இன்றும் வெறும் வெளியாகக் கிடக்கிறது.

பர்மா முனையில் மூட்டைப் பற்றிய இன்னொரு பாடம் நடந்தது. 1942-ல் நம் செட்டிநாட்டு, புதுக்கோட்டைக் குடும்பங்கள் பல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து திரும்பின அல்லவா, அந்த எல்லைப்புறத்துத் தாமு வழியாகத்தான் பிரிட்டிஷ்-இந்தியப் பதினான்காம் படை பர்மாவுக்குள் மீண்டும் இறங்கியது. கல்லும் ஜல்லியும் கிடைக்காத அந்தக் காட்டில் சணல் துணியைப் பிட்டுமெனில், அதாவது தாரில், தோய்த்து, சமன் செய்த மண்ணின் மேல் பாய் விரிப்பதுபோல விரித்தார்கள். பித்தெஸ் என்று அதற்குப் பெயர். ஒரு துணியின் விளிம்பு அடுத்த துணியின் மேல் ஏறும்படி போட்டதால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கவில்லை. அந்தத் தளத்தின் முழுப் பலமும் விளிம்பு ஏறிய அந்தச் சில அங்குலத்தில் இருந்தது. அது கிழிந்தால் கீழே சேறு.

அதே ஆண்டுகளில் அமெரிக்க இராணுவப் பொறியாளர்கள் கனரக விமானங்களுக்கேற்ற தார்க்கலவையைத் தேடினார்கள். மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையைச் சேர்ந்த புரூஸ் மார்ஷல் வகுத்திருந்த சோதனையை எடுத்து, விக்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் விமானத் தளத்துக்கேற்ப வளர்த்தார்கள். கலவையை அச்சில் போட்டுச் சம்மட்டியால் எண்ணி அடித்து, 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்து, எவ்வளவு எடை தாங்குகிறது என்று பார்க்கும் முறை அது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நானும் அதே மார்ஷல் அச்சை வைத்துக்கொண்டுதான் வேலை கற்றேன். ஒரு பக்கத்துக்கு 75 அடி என்பது ஓடுபாதைக் கலவையின் கணக்கு. நடுப்பட்டையின் பலத்துக்கு இப்படி ஒரு துல்லியமான அளவுகோல் வந்தது. மூட்டுக்கு அப்படி ஒன்று வர நெடுங்காலம் ஆனது.

மூட்டைத் தனிப் பிரச்சினையாக்கியது பேவர். அமெரிக்காவின் பார்பர்-கிரீன் நிறுவனம் 1930-களில் மிதக்கும் ஸ்கிரீட் கொண்ட பேவரைக் கொண்டுவந்தது. கலவையின் மேல் தானாக மிதந்தபடி, அடியில் உள்ள மேடு பள்ளத்தை விழுங்கிச் சமமாக விரிக்கும் தட்டு அது. இன்றுவரை உலகம் முழுவதும் அதே தத்துவம்தான். கைவேலையால் எட்ட முடியாத சமதளத்தை அது கொடுத்தது. கூடவே, நேராகச் செதுக்கியதுபோல ஒரு விளிம்பையும் பட்டைக்குப் பட்டை விட்டுச்சென்றது.

அதற்குள் ஜெட் விமானமும் வந்தது. ஏர் இந்தியா 1960-ல் போயிங் 707-ஐப் பறக்கவிட்டது. இன்று திருச்சிக்கு வரும் ஏ320, போயிங் 737 ரக விமானங்களின் டயரில் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டை ஒட்டிய அழுத்தம் இருக்கிறது. கார் டயரைப்போல ஆறு மடங்கு. ஜெட் எஞ்சின் தரையில் கிடக்கும் சிறு கல்லையும் உறிஞ்சும். ஓடுபாதையில் கிடக்கும் பொருள் என்ன செய்யும் என்பதை 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் உலகம் பார்த்தது. முன்னால் போன விமானத்திலிருந்து விழுந்த ஓர் உலோகப் பட்டை கான்கார்ட் விமானத்தின் டயரைக் கிழித்தது; 113 பேர் இறந்தார்கள். அது மூட்டிலிருந்து வந்த பொருளில்லை. ஆனாலும் மூட்டில் கழன்ற ஒரு ஜல்லியை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏன் அத்தனை பயத்தோடு பார்க்கிறோம் என்பதற்கு அதுவே போதும்.

மூட்டு ஏன் பலவீனம்? கடலை மிட்டாய் செய்கிறவர்களுக்கு இது தெரியும். ஆறி இறுகிய வில்லைக்குப் பக்கத்தில் புதுப் பாகை ஊற்றினால் ஒட்டியதுபோல இருக்கும். தட்டினால் அந்தக் கோட்டில்தான் உடையும். தார்க்கலவையும் அப்படித்தான். 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் வரும் கலவையை விரித்து ரோலர் விடும்போது, பட்டையின் நடுவில் இருக்கும் ஜல்லிக்கு இரண்டு பக்கமும் அணை உண்டு, அழுத்தினால் இறுகும். ஓரத்தில் இருக்கும் ஜல்லிக்கு வெளிப்பக்கம் அணை இல்லை. அழுத்தினால் இறுகாமல் வெளியே நழுவும். அடுத்த பட்டையைப் போடுவதற்குள் அந்த ஓரம் ஆறியும் போகும். ஆக, ஒரு பக்கம் சரியாக இறுகாத பழைய ஓரம், மறுபக்கம் அதோடு ஒட்ட மறுக்கும் புதுக் கலவை.

மூட்டின் மேல் துளைபோட்டு எடுத்த மாதிரியை, நாங்கள் கோர் என்று சொல்வதை, கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. உள்ளங்கைக்கு மேல் அகலமான கறுப்பு உருளை. இரண்டு பக்கமும் ஜல்லியும் தாரும் நெருக்கமாக, வெட்டிய முகம் பளபளப்பாக இருக்கும். நடுவில் மட்டும் மேலிருந்து கீழாக, பூச்சி அரித்ததுபோலச் சிறுசிறு பொந்துகள். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டால் பக்கங்களில் நிற்கும், நடுக்கோட்டில் உறிஞ்சிக்கொள்ளும். நன்றாக இறுகிய விரிப்பில் காற்றிடைவெளி நூற்றுக்கு 7-க்குள் நிற்கும். 8-ஐத் தாண்டிவிட்டால் பொந்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீருக்கு வழியாகிவிடும். நீரோடு காற்றும் போய் பிட்டுமெனை வறட்டும். வறண்ட தார் ஜல்லியைப் பிடிக்காது.

இதற்கு மருந்து தேடிய வரலாறு நீளமானது. முதல் வழி வெட்டுவது. இறுகாத ஓரத்தை 7, 8 சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டரால் நேராக வெட்டி எறிந்துவிட்டு, வெட்டிய முகத்தில் டாக் கோட் என்னும் ஒட்டுப்பூச்சைப் பூசி, அதோடு புதுப் பட்டையைச் சேர்ப்பது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விவரக்குறிப்பு, நான்கு மணி நேரத்துக்கு மேல் திறந்து கிடந்த ஓரத்தையும் 80 டிகிரிக்குக் கீழே ஆறிய ஓரத்தையும் இப்படி வெட்டச் சொல்கிறது. நல்ல கலவையை வெட்டி எறிகிறோமே என்று மனம் கணக்குப் பார்க்கும். அந்த ஓரத்தை விட்டுவைத்தால் சில மழைக்காலங்களுக்குப் பிறகு ஓடுபாதை முழுவதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி, ஆறவே விடாமல் சேர்ப்பது. இரண்டு மூன்று பேவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கொஞ்சம் தள்ளி, ஏர்கள் வரிசையாக உழுவதுபோல ஒரே நேரத்தில் நகரும். முதல் பட்டையின் ஓரம் சூடாக இருக்கும்போதே இரண்டாவது பட்டை வந்து சேர்ந்துவிடும். ரோலர் இரண்டையும் ஒன்றாக அழுத்தும். மேலைக்கோயிலின் பாறைக்கு நாம் மிக அருகில் போகக்கூடிய வழி இதுதான். ஆனால் பேவருக்குப் பேவர் தடையில்லாமல் கலவை வந்துகொண்டே இருக்க வேண்டும். கலவையைத் தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்டும் அதைக் கொண்டுவரும் டிப்பர்களும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி, மூட்டின் இடத்தைத் திட்டமிடுவது. மேல் அடுக்கின் மூட்டு கீழ் அடுக்கின் மூட்டுக்கு நேர் மேலே வரக்கூடாது. நீளவாக்கில் குறைந்தது 30 சென்டிமீட்டர், குறுக்கு மூட்டானால் 3 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எங்கள் ஆயிரங்கால் மண்டபத்துத் தச்சர் கேட்டால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்பார்.

இவை எல்லாம் காகிதத்தில் இருப்பவை. களத்தில் மூட்டு ஒருவர் கையில் இருக்கிறது. பேவருக்குப் பின்னால் ரேக் பிடித்து நடப்பவர் அவர். புதுக் கலவை பழைய ஓரத்தின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஏறி விழும். பழகாதவர் அதைப் பார்த்ததும் ரேக்கால் இழுத்துப் புதுப் பட்டையின் நடுவே பரப்பிவிடுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். மூட்டுக்கு வேண்டிய சரக்கு அங்கிருந்து போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இலுப்பூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் சொன்னார்: "தம்பி, ஓரத்துல விழுந்ததை இழுக்கக் கூடாது. பொத்துனாப்ல உள்ளுக்குத் தள்ளி விட்டுடணும். மிச்சத்தை ரோலர் பாத்துக்கும்." பல ஆண்டு கழித்து வெளிநாட்டு வழிகாட்டி நூல்களைப் படித்தபோது அதே பாடம் படத்தோடு இருந்தது. 25 மில்லிமீட்டர் இறுகிய கனத்துக்கு 6 மில்லிமீட்டர் அதிகமாக, தளர்வாக நிற்க வேண்டும் என்று அங்கே கணக்கும் இருந்தது. மேஸ்திரி அதைக் கண்ணால் அளந்தார்.

"நூல் கோணினா எல்லாம் கோணும்ணே" என்று நாங்கள் அவரிடம் பாடம் ஒப்பிப்பதுண்டு. முதல் பட்டைக்குக் கட்டும் நூல் நேராக இல்லாவிட்டால் பேவர் பாம்புபோல வளையும். வளைந்த ஓரத்தோடு அடுத்த பட்டை ஓரிடத்தில் அதிகம் ஏறும், இன்னோரிடத்தில் சேராமல் நிற்கும். அந்தக் குறையை எந்த ரோலராலும் சரிசெய்ய முடியாது.

ஊரின் காற்றும் மூட்டில் கை வைக்கும். ஆடிக் காற்று வீசும் நாட்களில் திருச்சி வெளியில் நின்றவர்களுக்குத் தெரியும்: வெயில் கொளுத்தும், ஆனால் 4, 5 சென்டிமீட்டர் கனமே உள்ள விரிப்பின் ஓரம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வேலையை நிறுத்திவிடும். தைக்குப் பின் சித்திரை வரை இந்த வேலைக்குப் பொன்னான காலம்.

ஓடுபாதையை மூடிவிட்டு வேலை செய்ய முடிந்தால் பாதிக் கவலை தீரும். பெரும்பாலும் அது முடிவதில்லை. கொச்சியில் 2019 நவம்பரிலிருந்து 2020 மார்ச் வரை காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை மூடி ஓடுபாதையைப் புதுப்பித்தார்கள். 2022-ல் அகமதாபாத்தில் மூன்றரை கிலோமீட்டர் ஓடுபாதையை 75 நாளில் முடித்தார்கள். 2025 தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை நேரம். மாலை விமானம் இறங்கும். அதற்குள் அன்றைய வேலையின் முனை, விமானம் ஏறி இறங்கக்கூடிய சரிவாக மாற வேண்டும். அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி, 5 சென்டிமீட்டர் வரை கனமுள்ள விரிப்புக்கு அந்தச் சரிவு நூற்றுக்கு அரை முதல் ஒன்றுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது 5 சென்டிமீட்டர் உயரம் இறங்க 5 முதல் 10 மீட்டர் நீளம். மறுநாள் காலை அந்தச் சரிவை வெட்டி எடுத்து, நிமிர்ந்த முகம் கிடைத்த பிறகுதான் புது வேலை தொடங்கும். ஆக ஒவ்வொரு நாளும் ஒரு குறுக்கு மூட்டு பிறக்கிறது. மாலை மணி நெருங்க நெருங்க முதலில் அவசரப்படுவது அந்த மூட்டின் வேலையில்தான்.

என் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, மூட்டின் அடர்த்தியை நடுப்பட்டையின் அடர்த்தியிலிருந்து பிரித்து அளக்க வேண்டும். அமெரிக்க விவரக்குறிப்பில் மூட்டுக்கெனத் தனிக் கோரும் தனி எல்லையும் இருக்கின்றன. நம் ஓடுபாதை, நெடுஞ்சாலை ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றிலும் அது கட்டாயமாக வேண்டும்; அளக்காத இடத்தில் யாரும் சிரத்தை காட்டமாட்டார்கள். இரண்டு, ஓரத்தை வெட்டுவதற்கும் பூசுவதற்கும் தனி விலை கொடுக்க வேண்டும். விரித்த சதுர மீட்டருக்கு மட்டும் பணம் என்றால், வெட்டி எறிவது ஒப்பந்தக்காரருக்கு நஷ்டக் கணக்கு. மூன்று, ரேக் பிடிப்பவரையும் ரோலர் ஓட்டுநரையும் தினக்கூலிக்கு மாற்றி மாற்றி எடுக்காமல், பயிற்சியும் சான்றிதழும் நிலையான கூலியும் கொடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இலுப்பூர் மேஸ்திரியின் கையில் இருந்த கணக்கு அவரோடு போய்விட்டது; அதை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க எந்த ஏற்பாடும் அப்போது இல்லை.

திருச்சியில் 2024 ஜனவரியில் புது முனையம் திறந்தார்கள். ஓடுபாதையை நீட்டும் பேச்சும் நிலம் எடுக்கும் வேலையும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. நீட்டும் நாள் வரும்போது, பழைய தளமும் புதுத் தளமும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய குறுக்கு மூட்டு வரும். பல ஆண்டு விமானங்கள் ஏறி இறங்கி இறுகிய தரை ஒரு பக்கம், நேற்று கொட்டி நிரவிய மண் மறுபக்கம். அடியில் மண் சமமாக இறுகாவிட்டால் மேலே எந்தத் தார் போட்டும் பயனில்லை. அந்த மூட்டு எங்கே விழ வேண்டும், அடுக்குக்கு அடுக்கு எவ்வளவு தள்ள வேண்டும், நீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதை முதல் வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். அதன் மேல் எடுத்த கோர்களின் முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள்.